இரண்டு பக்கமும் சேராத அறை

எதிர்வீட்டுத் தங்கவேலு அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்குப் போகிறார். ஊரெல்லாம் மறுபடியும் மெட்ராஸ் ஐ. "நீ இந்த மாதிரி நேரத்துல போயிட்டு வந்தவன். உள்ள எப்பிடி இருக்கும், சொல்லுப்பா" என்று கேட்டார். எனக்குச் சொல்ல வராது. எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது ஐந்தாவது வரை. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எனக்கு ஒரு கண்தான். வலது. இடது கண் பொம்மசந்திரா ஃபாக்டரியில் போனது. வார்ப்பு இரும்பைக் கிரைண்டரில் தேய்க்கிற வேலை. கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். தூள் பக்கவாட்டில் வந்தது. அதற்குப் பிறகு கம்பெனியில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். போல்ட்டு, வாஷர் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதற்கு ஒரு கண் போதும். பல வருஷம் ஓடியது.

பிறகு வலது கண்ணும் மங்கியது. ஸ்ரீராம்புரத்திலிருந்து மார்க்கெட் போய், அங்கே ஓசூர் ரோடு பஸ் பிடிக்க வேண்டும். பஸ் நம்பர் தெரியவில்லை. பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டு ஏறினேன். ஸ்டோரில் போல்ட்டை விரலால் தடவி அளவு பார்த்துக் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி கன்னியம்மா தானாகக் கண்டுபிடித்தாள். சோற்றில் கிடந்த கறிவேப்பிலையை நான் மென்று தின்றதைப் பார்த்திருக்கிறாள்.

"எப்பவும் ஒதுக்கி வெப்பியே. இன்னாய்யா, தெரியலியா?"

தெரியவில்லை என்றேன்.

ஈ.எஸ்.ஐ.யில் சீட்டு எழுதி ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா பார்த்தார். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார். புரை என்றார். கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டியது. வயசானால் பால் மாதிரி வெளுத்துப் போகும். அதுதான் புரை. எனக்கு அது முற்றி, ஊத ஆரம்பித்திருந்தது. ஊதினால் கண்ணுக்குள் சுரக்கிற நீர் வெளியே போகிற வழி அடைபடும். அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறி நின்றால் பின்னால் இருக்கிற நரம்பு செத்துப் போகும். லென்ஸை மாற்றலாம். நரம்பை மாற்ற முடியாது.

"இன்னொரு கண்ணு எப்ப போச்சு?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப இது ஒண்ணுதான். தள்ளிப் போடக் கூடாது" என்று நாள் கொடுத்தார். ஆபரேஷன் ஈ.எஸ்.ஐ. கணக்கு. உள்ளே வைக்கிற லென்ஸ் மட்டும் நாம் வாங்கித் தர வேண்டும். அதற்குக் கம்பெனி ஆட்கள் சேர்ந்து காசு போட்டுக் கொடுத்தார்கள். யார் யார் என்று எனக்குச் சொல்லவில்லை.

அந்தச் சமயம்தான் மெட்ராஸ் ஐ வந்தது. மழை பிடித்த மாசம். எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு மருந்து பாட்டில் வாங்கினால் நாலு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். குழாயடியில் பெண்பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள்.

கண் சிவந்தால் அம்மன் சூடு என்பார்கள். சந்து முனைக் கோயிலில் கூட்டம். கண்மலர் வாங்கி ஒத்திக்கொள்வார்கள். கண் மாதிரி வெட்டிய மெல்லிய தகடு அது. வசதி இருந்தால் வெள்ளி. இல்லாவிட்டால் தகரம். கண்ணில் ஒத்திக்கொண்டு அம்மன் முன்னால் தட்டில் போட வேண்டும். தட்டில் விழுந்ததை எடுத்து மறுபடி கடையில் வைப்பார்கள். அடுத்தவர் வாங்குவார். பல கோயிலில் அப்படித்தான். அதில் யாரும் எதையும் தப்பாக நினைத்ததில்லை. கன்னியம்மாவும் என் கண்ணுக்காக வெள்ளிக்கிழமைதோறும் போய் ஒத்திக்கொண்டு வந்தாள். கடைசி வெள்ளிக்கிழமை வாங்கிய தகட்டைத் தட்டில் போடாமல் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். நானும் ஒத்திக்கொண்ட பிறகு கொண்டுபோய்ப் போடலாம் என்று.

மறுநாள் அட்மிஷன். ஆஸ்பத்திரி கேட்டில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முன்பு வந்தபோது அது இல்லை. வரிசை நின்றது. முன்னால் ஒரு மேசை. டார்ச் வைத்துக்கொண்டு ஒரு சிஸ்டர். பிலோமினா சிஸ்டர் என்று பிறகு தெரிந்தது. மங்களூர்க்காரர். அவர் யாரையும் தொடவில்லை.

"கீழ் இமைய நீங்களே இழுங்க. மேல பாருங்க. யாரும் மேசைய முட்டபேடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தொடாதீர்கள் என்று கன்னடத்தில்.

கண் சிவந்தவர் இடது பக்கம் போக வேண்டும். அங்கே தனி ஷெட். தனி டாக்டர், தனி மருந்து ஜன்னல், வெளியே போகத் தனி வழி. சிவக்காதவர் வலது பக்கம், ஆஸ்பத்திரிக்குள். நடுவில் கயிறு. இரண்டு கூட்டமும் எங்கேயும் கலக்கக் கூடாது. நோயாளியோடு வந்தவர் யாரும் உள்ளே தங்கக் கூடாது. இத்தனை எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் முன்னால் நாலைந்து பேர் இருக்கும்போது கன்னியம்மா முந்தானையை அவிழ்த்தாள்.

"கொஞ்சம் குனிய்யா."

"இன்னாத்துக்கு?"

"குனி. அம்மனுது."

தகட்டைத் தன் கண்ணில் ஒத்திக்கொண்டாள். பிறகு என் வலது கண்ணில் வைத்து அழுத்தினாள். "தாயே, இந்த ஒண்ணையாவது வுட்டு வெய்யி" என்றாள். பின்னால் நின்ற ஒரு அம்மா, "எனக்கும் குடேன், ஒத்திக்கினு தர்றேன்" என்றார். "இது இவருக்குன்னு எடுத்தது" என்று கன்னியம்மா முடிந்துகொண்டாள்.

மேசைக்கு வந்தோம். என் கண்ணில் டார்ச் அடித்தார். "சரி, வலது பக்கம்" என்றார். கன்னியம்மா தன் இமையை இழுத்தாள். டார்ச் அங்கேயே நின்றது.

"அம்மா, நீங்க இந்தப் பக்கம்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ராத்திரி தூக்கம் இல்ல, அதான் செவந்துகீது."

"காலைல இமை ஒட்டிக்கிச்சா?"

"லேசா."

"இடது பக்கம் போங்கம்மா. பை யாருது? அத இங்கயே வைங்க. உள்ள போகாது."

அந்தப் பையில் என் துண்டு, தலையணை உறை, டம்ளர் எல்லாம் அவள் அடுக்கியது. அவள் கை பட்டது எதுவும் உள்ளே வரக் கூடாது என்றார்கள். கன்னியம்மா ஏதோ சொன்னாள். கூட்டத்தில் கேட்கவில்லை. பச்சைச் சேலை இடது பக்கம் நகர்வது மட்டும் தெரிந்தது. நான் வெறுங்கையோடு உள்ளே போனேன்.

உள்ளே முதல் வேலை கை கழுவுவது. டிரம்மில் குழாய் வைத்து, சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கழுவிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு யோசனை மெதுவாகத்தான் வரும். அவள் கண் சிவந்திருக்கிறது. அந்தக் கண்ணில் பட்ட தகடு என் கண்ணில் பட்டது. கோயிலில் யார் யார் கண்ணில் பட்டதோ. இது வந்து சேர்வதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது.

சொன்னால் ஆபரேஷன் நிற்கும் என்று தெரியும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. டார்ச்சில் என் கண் வெள்ளைதான். பக்கத்தில் ஒரு வயசான மனிதர், கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேற்று முடிந்ததாம். "ஒண்ணுமே வலிக்காதுப்பா" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். எழுந்து போய் மேசையிலிருந்த சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"கோயில் தகடு ஒண்ணு. கண்ணுல ஒத்திக்கிட்டேன். இப்பதான், கேட்ல."

"யார் கையில இருந்துச்சு?"

"என் சம்சாரம் கையில. நீங்க இடது பக்கம் அனுப்பினீங்களே."

சிஸ்டர் திட்டவில்லை. "எதையும் பிடிக்காம என் பின்னால வாங்க" என்றார். நான் நடக்கும்போதே பின்னால் பெஞ்சைப் பிளீச்சிங் தண்ணீர் விட்டுத் துடைக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெரியவரைக் கை கழுவச் சொன்னார்கள். "ஏன், அந்தாளுக்கு இன்னா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணை உப்புத் தண்ணீரால் கழுவினார்கள். பழுப்பு மருந்து ஒரு சொட்டு விட்டார்கள். எரிந்தது. டாக்டரம்மா வந்தார்.

"சொன்னது நல்லதாச்சு கோவிந்தசாமி. இல்லேன்னா நாளைக்கு இந்தக் கண்ணத் தொறந்திருப்பேன்."

"இப்ப?"

"காத்திருக்கணும். ரெண்டு நாள்லயும் செவக்கலாம், ஒரு வாரம் கழிச்சும் செவக்கலாம். செவக்காமலும் போகலாம்."

"செவந்தா?"

"செவந்தா ஆபரேஷன் பண்ண முடியாது. கிருமி உள்ள போனா கண்ணு போயிடும்."

"பண்ணாம இருந்தா?"

"பிரஷர்ல நரம்பு போயிடும்" என்றார். "மாத்திரை குடுத்துப் பிடிச்சு வெக்கறேன். எத்தன நாள் பிடிக்கும்னு சொல்ல முடியாது."

மறைக்காமல் சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

என்னை எந்தப் பக்கம் வைப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. சிவந்தவர் ஷெட்டில் வைத்தால் இல்லாத நோய் வந்துவிடும். வார்டில் வைத்தால் மற்றவருக்குப் போய்விடும். கடைசியில் வராந்தா முடிகிற இடத்தில் ஒரு அறை. உடைந்த கட்டில் போட்டு வைத்திருந்தது. காலி பண்ணி, கழுவி, ஒரு கட்டில், ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஒரு ஜன்னல். வெளியே பின்பக்கச் சுவர். எனக்கு அது வெள்ளையாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

தங்கவேலு கேட்டது இதைத்தான். அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

காலையில் சிஸ்டர் வருவார். முகத்தில் துணி, மேலே ஒரு அங்கி. அந்த அங்கி என் அறைக்கு மட்டும். கதவுக்கு உள்ளே ஆணியில் தொங்கும். போகும்போது கழற்றி மாட்டிவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் போவார். சொட்டு மருந்து பாட்டில் எனக்குத் தனி. பிளாஸ்திரியில் என் பேர் எழுதி ஒட்டியிருக்கும். வேறு யாருக்கும் அதை விடமாட்டார்கள். பாட்டில் மூக்கு இமையில் பட்டுவிட்டால் அந்தப் பாட்டிலையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் சந்தில் நாலு வீடு சுற்றிய பாட்டிலை நினைத்துக்கொண்டேன்.

அழுத்தம் பார்க்க ஒரு சின்னக் கருவி. கண்ணை மரத்துப் போக வைத்து, படுக்க வைத்து, கண் மேலேயே அதை நிறுத்துவார்கள். முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். கண்ணில் நேராகப் படுவது என்பதால் ஒவ்வொரு தடவையும் அதன் அடியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சுடுவார் சிஸ்டர். பிறகு ஆற வைப்பார். ஆறுகிற வரைக்கும் இரண்டு பேரும் சும்மா இருப்போம். அவர் அறையில் நிற்கிற நேரத்திலேயே அதுதான் நீளம். அது ஆறாமல் இருந்தால் தேவலை என்று நினைப்பேன்.

அழுத்தம் குறைக்கிற மாத்திரை விரல் நுனியை மதமதக்க வைக்கும். உதட்டைச் சுற்றியும். ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டில் ருசி தெரியாது. ஆயா தட்டை ஸ்டூலில் வைத்து, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். தட்டு என்னுடையது மட்டும். வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். மதியம் ஆயா தட்டுகிற சத்தத்துக்கும் சாயங்காலம் தட்டுகிற சத்தத்துக்கும் நடுவில் யாரும் இல்லை. நான் பேசுகிற ஆள் இல்லைதான். ஆனால் பேசாமல் இருப்பதற்கும் பக்கத்தில் ஒருத்தர் வேண்டும். வீட்டில் நான் பேச மாட்டேன், கன்னியம்மா பேசிக்கொண்டே இருப்பாள். அது இல்லை இங்கே.

சுவருக்கு அந்தப் பக்கம் சிவந்தவர் படுக்கிற அறை. அதற்கு வாசல் வேறு பக்கம். மேலே காற்றுக்கு விட்ட ஓட்டை வழியாக ஒரு குரல் வந்தது.

"கோன் ஹை பாய், யாரு அந்தப் பக்கம்? செவப்பா, வெள்ளையா?"

"இன்னும் தெரியல" என்றேன்.

சிரித்தான். சலீம் என்று பேர். ஆட்டோ ஓட்டுகிறவன். கண்ணில் மரத்தூசி கீறி, புண்ணாகி, அதோடு மெட்ராஸ் ஐயும் சேர்ந்துகொண்டதாம். என் பேரைக் கேட்டான்.

"கோவிந்தசாமியா? அரே, மெட்ராஸ்காரருக்கே மெட்ராஸ் ஐ வரலியா? இன்னா அநியாயம்."

"நான் பொறந்தது ஸ்ரீராம்புரம்."

"அப்ப உனக்கு வேற ஐ வரும். பேர் வெக்கல இன்னும்."

தினம் சாயங்காலம் கேட்பான். "இன்னா பாய், கலர் மாறிச்சா?" இல்லை என்பேன். "பாஸ்" என்பான். அவனுக்கு வலி இருந்தது. இராத்திரி முனகுவான். காலையில் மறுபடியும் கிண்டல். அவன் முகம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் குரல் வரவில்லை. சுவரைத் தட்டினேன். "யார்ரீ அது?" என்று வேறு ஒருத்தர் கேட்டார். சலீம் எங்கே போனான் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

நான் உள்ளே வந்த மறுநாள் கன்னியம்மா பூத்திலிருந்து சிஸ்டர் மேசைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். ஆபரேஷன் ஆயிற்றா என்று. சிஸ்டர் என்னிடம் வந்து கேட்டார்.

"என்ன சொல்லட்டும்? காரணத்த சொல்லட்டுமா?"

"வேணாம்."

"ஏன்?"

"அவ கையால வெச்சது. தெரிஞ்சா தாங்க மாட்டா. டாக்டர் லீவுன்னு சொல்லிடுங்க."

"நான் பொய் சொல்ல மாட்டேன்ப்பா." கொஞ்சம் யோசித்தார். "தியேட்டர மூடி சுத்தம் பண்றாங்க. அது நிஜம். அத சொல்றேன்."

அது நிஜம்தான். இந்தச் சமயத்தில் அடிக்கடி ஆபரேஷன் தியேட்டரை மூடி, கழுவி, மருந்துப் புகை போட்டார்கள். என் அறை வரைக்கும் அந்த நெடி வந்து மூக்கை அரிக்கும்.

அடுத்த நாள் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பிறகு அவள் தம்பி முருகேசன்தான் பண்ணினான். "மாமா எப்பிடி கீறாரு" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டானாம். கன்னியம்மாவுக்குக் கண் ரொம்ப முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தாலும் காதை வராந்தாப் பக்கமே வைத்திருந்தேன். போன் மணி அடிக்கிறது எனக்குக் கேட்கும். சிஸ்டர் செருப்பு என் பக்கம் வருகிறதா, வேறு பக்கம் போகிறதா என்று கேட்கும்.

என் கண் சிவந்திருக்கிறதா என்று எனக்கே தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் ஒரு மங்கல்தான். சிஸ்டர் டார்ச் அடித்துச் சொல்ல வேண்டும். அவர் மூச்சைக் கவனிப்பேன். மாறினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் காலையில் விழிப்பு வந்தது. கண் திறக்கவில்லை. இமை ஒட்டிக்கொண்டிருந்தது. கையை வைக்கப் போனேன், வைக்கவில்லை. அப்படியே படுத்திருந்தேன். இந்தக் கண்ணும் போனால் ஸ்டோர் வேலை போகும். அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பஸ் ஏற முடியாது. அதுவும் இல்லை. கக்கூஸுக்குக்கூட ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், சாகிற வரைக்கும். எந்தக் கையைப் பிடிக்க? அவளுடைய கையைத்தான். பிடிக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தத் தகடு ஞாபகம் வரும். நான் சொல்லாவிட்டாலும் யாராவது சொல்லிவிடுவார்கள். அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

சிஸ்டர் வந்தார். அவரே பார்த்துவிட்டார். வேகமாக அங்கியை மாட்டுகிற சத்தம். பஞ்சை நனைத்து இமை மேல் வைத்தார். ஊற வைத்தார். மெதுவாகப் பிரித்தார். டார்ச் வெளிச்சம் விழுந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"ராத்திரி போட்ட களிம்பு காஞ்சிருக்கு. கண்ணு வெள்ளைதான்." பிறகு, "அழுதீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

அன்றைக்கு அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. கிளிசரினில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கக் கொடுத்தார்கள். அதுவும் கண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கிற மருந்துதான். கெட்டியாக, திகட்டுகிற இனிப்பு. குடித்துவிட்டு வாந்தி வராமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா வந்தார்.

"முழு வாரம் காத்திருக்க முடியாது. இதுவரைக்கும் செவக்கல. நாளைக்குப் பண்ணிடறேன். பயமா?"

"நீங்க சொல்லுங்க."

"எனக்கும் கொஞ்சம் பயம்தான்" என்றார்.

என்னைக் கடைசி ஆளாகப் போட்டார்கள். எனக்குள் கிருமி இருந்தால் எனக்குப் பிறகு வருகிறவருக்குப் போகக் கூடாது. நான் முடிந்ததும் தியேட்டரை மூடிக் கழுவுவார்கள். அதனால் காலையிலிருந்து எல்லாரும் போய் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பட்டினியாக இருந்தேன்.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு ஊசி. அதுதான் வலி. பிறகு மரத்துவிடும். முகத்தின் மேல் துணி. கண்ணில் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். டாக்டரம்மா இடையில் பேசினார். "அசையாதீங்க. நல்லா போகுது." அவ்வளவுதான். கட்டுப் போட்டு அறைக்குக் கொண்டுவந்தார்கள்.

கட்டுப் போட்டது என் ஒரே கண்ணில். அதுவரை வெளிச்சமாவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. மற்ற நாளாக இருந்தால் வீட்டு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆயா ஒரு கயிற்றைக் கட்டிலிலிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும் கட்டிக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு போய் வந்தேன். தண்ணீர் டம்ளரை ஒருமுறை தட்டிவிட்டேன். அது உருண்டு எங்கேயோ போய் நின்றது. தேடவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது பிலோமினா சிஸ்டர். முகத்தில் துணி இருந்ததால் கண் மட்டும்தான். குரலை வைத்துச் சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன். கண்ணோரம் எல்லாம் சுருக்கம். "எத்தன விரல்?" என்றார். சொன்னேன். "ஆயித்து" என்றார். கண்ணில் ஆபரேஷன் சிவப்பு மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை, அழுத்தமும் இறங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. இன்னும் சில நாள் அதே அறையில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

கூட்டிப்போக முருகேசன் மட்டும் வந்தான்.

"உங்கக்கா எங்கடா?"

"வூட்ல கீது மாமா. கண்ணு எப்பவோ சரியாயிடுச்சி. வான்னேன். வரலன்னுடுச்சி."

ஆட்டோவில் போர்டு எல்லாம் படித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கன்னியம்மா அடுப்புப் பக்கமே இருந்தாள். இளைத்திருந்தாள். வா என்றாள். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். கிட்ட வரவில்லை. எனக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு விட வேண்டும். முருகேசன் பெண்டாட்டி வள்ளி பக்கத்து வீடு. அவளை வரவழைத்தாள். வள்ளி பாட்டிலை எடுத்தால் கன்னியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். குழாயில் தண்ணீர் வராத நேரத்திலும் போனாள். பேசுகிறவள் பேசாமல் இருந்தாள். ஆஸ்பத்திரி அறையைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு மத்தியானம் கேட்டேன். "ஏன் போன் பண்ணல?"

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த ஷெட்டுல டாக்டரு கேட்டாரு. எங்க போன, எதத் தொட்டன்னு. கோயில சொன்னேன். அந்தத் தகட்டுலதான் ஒட்டினு வந்துகீது, வேற யாருக்காவது குடுத்தியான்னாரு. பயத்துல இல்லன்னுட்டேன்." ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, "வூட்டுக்கு வந்து சோறு எறங்கல. பூத்துக்குப் போனேன், சிஸ்டராண்ட சொல்லிடலாம்னு. தியேட்டர மூடி கழுவறாங்கன்னு சொன்னாங்க. உனக்கு வந்து, உன்னாலதான் மூடிட்டாங்கன்னு நெனச்சிக்கினேன். அதுக்கு மேல கேக்க தெம்பு இல்ல."

"நான் அன்னிக்கே சொல்லிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சொன்ன?"

"தகடு வெச்சத. அதனாலதான் காக்க வெச்சாங்க. உனக்குச் சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"என் கையின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். வெளியே யாரோ பால்காரரோடு கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொட்டு மருந்து நேரம் ஆகிவிட்டது. வள்ளி வருகிற சத்தம் கேட்டது. "அப்பால வா வள்ளி" என்று நான் சொல்லிவிட்டேன். பாட்டிலை எடுத்துக் கன்னியம்மா பக்கம் நீட்டினேன்.

"வேணாம்யா. என் கை வேணாம்."

"சோப்பு போட்டுக் கழுவு. விரல் சந்துல, மணிக்கட்டு வரைக்கும். பாட்டில் மூக்கு இமையில படக் கூடாது. வேற ஒண்ணும் இல்ல."

கழுவினாள். துடைக்காமல் கையை மேலே தூக்கி உலர வைத்துக்கொண்டு வந்தாள். மறுபடி திரும்பிப் போய் இன்னொரு முறை கழுவினாள். நான் பாயில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தேன். அவள் விரல் இமையைப் பிடித்தது. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. "பரவால்ல, இன்னொண்ணு விடு" என்றேன். அது கண்ணில் விழுந்தது.